இரசத்திற்கு எந்தத் தக்காளி?

இரசம் வைப்பதற்காகத் தக்காளியைக் கையால் பிசையும்போது, சில தக்காளிகள் உடனே கரைந்து சாறாகிவிடும். சில தக்காளிகளோ பந்துபோலக் கைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். "அந்தக் காலத்துத் தக்காளியின் புளிப்பும் வாசனையும் இப்போது எங்கே இருக்கிறது?" என்று பெரியவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வயதானவர்களுக்குப் பழையது எல்லாமே இனிக்கும் என்று நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால், தக்காளி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரியா, தவறா என்பதைச் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. நான்கைந்து பூந்தொட்டிகள், ஒரு கத்தி, ஒரு நாக்கு, ஒரு மூக்கு ஆகியவை போதும்.

நெகிரி செம்பிலான், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள லுக்குட்டை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் ஈயத்தால் செழித்த ஊர் இது. 1847இல் ராஜா ஜுமாட் கட்டிய கோட்டையின் எச்சங்களை இன்றும் அங்குக் காணலாம். ஈயத்திற்குப் பிறகு இரப்பர் வந்தது. இரப்பருக்குப் பிறகு செம்பனை வந்தது. தோட்டத்து லயத்து வீடுகளின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் கத்தரியும் மிளகாயும் நின்ற இடத்தில் தக்காளியும் நின்றது. பல வீடுகளில் அதை யாரும் நட்டதுகூட இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், பிழிந்து எறிந்த தக்காளியின் விதை தானாகவே முளைத்துப் படர்ந்து காய்த்தது. இன்று தோட்டத்துக் குடும்பங்களில் பல வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. கொல்லை போய், வாசல் ஓரத்துத் தொட்டி வந்திருக்கிறது. தானாக முளைத்த அந்தச் செடி மட்டும் பல வீடுகளுக்குக் கூட வரவில்லை.

'தக்காளி' என்னும் பெயரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இந்தச் செடியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. ஐரோப்பியர்களின் கப்பல்கள் வந்த பிறகுதான் அது இந்தியாவுக்கு வந்தது. ஆனால், தக்காளி என்ற சொல் தமிழில் அதற்கு முன்பே இருந்தது. மணத்தக்காளி போன்ற சிறு பழச்செடிகளை நம் முன்னோர் அப்பெயரால் அழைத்தனர். கடல் கடந்து வந்த புதிய பழத்தை அதனோடு ஒப்பிட்டுச் 'சீமைத் தக்காளி' என்றனர். காலப்போக்கில் சீமை உதிர்ந்துபோய், விருந்தாளி வீட்டுக்காரனின் பெயரை எடுத்துக்கொண்டது. அப்படியானால், புளியும் மிளகும் சேர்ந்த பழைய இரசத்தில் தக்காளியே இருந்திருக்காது!

இனி, சுவைக்கு வருவோம். ஒரு தக்காளியில் ஏறக்குறைய 94 விழுக்காடு தண்ணீர்தான். மீதமுள்ள சிறு பகுதியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. குளுக்கோஸ், புருக்டோஸ் ஆகிய சர்க்கரைகள் இனிப்பைத் தருகின்றன. சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் புளிப்பைத் தருகின்றன. இனிப்பு மட்டும் கூடினால் பழம் சப்பென்று இருக்கும். புளிப்பு மட்டும் கூடினால் பல் கூசும். இரண்டுமே நிறைந்திருந்தால்தான் "நல்ல தக்காளி" என்று நாக்கு சொல்லும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான சாற்றுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. சதைப்பகுதியைவிட அதில் குளுட்டமிக் அமிலம் அதிகம். கோழிச்சாற்றிலும் சோயாக் குழம்பிலும் நாம் உணரும் ஆழமான ருசிக்குக் காரணமானது இதுதான். சில சமையல் குறிப்புகள் விதையை நீக்கிவிடச் சொல்கின்றன. இரசம் வைப்பவர்கள் அந்தக் குறிப்பைப் பின்பற்றக்கூடாது.

இவை மட்டும் தக்காளியின் சுவையாகிவிடாது. ஒரு துண்டுத் தக்காளியை மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்று பாருங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும். ஆனால், அது தக்காளி என்பதே தெரியாது. மூக்கை விட்டவுடன் தக்காளி வந்துவிடும். மணம்தான் தக்காளிக்கு முகம். தக்காளியில் 400க்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறக்குறைய இருபது முப்பதுதான் நம் மூக்குக்கு எட்டும் அளவில் உள்ளன. அவற்றில் சில, பழத்தின் நிறப்பொருள் சிதைவதால் உண்டாகின்றன. சிவப்புத் தக்காளியில் உள்ள லைக்கோப்பீன் சிதைந்தால் ஒரு மணம்; மஞ்சள், ஆரஞ்சு வகைகளில் உள்ள கரோட்டின் சிதைந்தால் வேறொரு மணம். எனவே, மஞ்சள் தக்காளியும் சிவப்புத் தக்காளியும் வெவ்வேறு மணம் வீசுவது நம் கற்பனையன்று.

அப்படியென்றால், கடைத் தக்காளியில் இந்த மணமும் சுவையும் ஏன் குறைந்தன? பெரியவர்களின் பக்கம் நியாயம் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பழைய நாட்டு வகைகளைக் கவனித்தால், காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றியுள்ள 'தோள்' பகுதி கரும்பச்சையாக இருக்கும். பழுத்த பிறகும் அந்த இடம் சற்றுப் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிற்கும். பார்வைக்கு இது குறையாகத் தெரிந்தது. ஆகவே, முழுக்காயும் ஒரே சீரான வெளிர்பச்சையாக இருந்து, ஒரே சீராகச் சிவக்கும் வகைகளை வணிகப் பயிர்ப்பெருக்கர்கள் பல்லாண்டுகளாகத் தேர்ந்தெடுத்தனர். அந்தச் சீரான நிறத்திற்குக் காரணம், பழுதுபட்ட ஒரு மரபணு என்பதை 2012இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும் கண்டறிந்து வெளியிட்டனர். அந்த மரபணு நன்றாக வேலை செய்தால், காயிலேயே பச்சையம் நிறைந்து, காயும் இலையைப்போல ஒளிச்சேர்க்கை செய்து தனக்குச் சர்க்கரை சேர்த்துக்கொள்ளும். அது பழுதுபட்டால் அழகு கூடும், சர்க்கரை குறையும். கரும்பச்சைத் தோளை நாம் அழகுக்காக விற்றுவிட்டோம்.

2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் விரிவானது. அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தினரும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து, புதியவை, பழையவை, காட்டுவகை என 398 தக்காளிகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தனர். அவற்றுள் பல வகைகளை மக்களிடம் கொடுத்துச் சுவைக்கவும் சொன்னார்கள். சுவைக்கு முக்கியமான மணப்பொருள்களில் 13, இக்கால வணிக வகைகளில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. யாரும் வேண்டுமென்றே அவற்றை நீக்கவில்லை. விளைச்சல், பழத்தின் பருமன், கெட்டித் தோல் ஆகியவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தபோது, யாரும் கவனிக்காத மணம் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டது.

இதற்காக விவசாயியைக் குறை கூறுவது சரியன்று. நம் நாட்டில் தக்காளி பெரும்பாலும் கடல்மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கு மேலுள்ள கேமரன் மலையில் விளைகிறது. அங்கிருந்து லுக்குட் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மலைப்பாதையின் வளைவுகளில் குலுங்கி, மொத்தச் சந்தையில் இறங்கி, ஏறி, கடைக்கு வந்து, இரண்டு மூன்று நாள் கூடையில் கிடக்க வேண்டும். கையால் பிசைந்தாலே கரையும் நாட்டுத் தக்காளி அந்தப் பயணத்தைத் தாங்காது. மேலும், விவசாயிக்கு எடைக்குத்தான் காசு. மணத்திற்கு யாரும் ஒரு சென்கூடக் கொடுப்பதில்லை. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்குக் கடையில் 'நாட்டுத் தக்காளி' என்றும் 'பெங்களூர்த் தக்காளி' என்றும் இரண்டு குவியல்கள் இருக்கும். முன்னது சப்பையாகவும் வரிவரியாகவும், மெல்லிய தோலோடும் நிறைய சாற்றோடும் புளிப்போடும் இருக்கும். பின்னது நீளுருண்டையாக, கெட்டியாக, பல நாள் தாங்கும். இல்லத்தரசிகள் இரசத்திற்கு முன்னதையும் குருமாவுக்குப் பின்னதையும் எடுப்பார்கள். தேனி வட்டாரத்தில் வழங்கிய அன்னஞ்சி என்னும் உள்ளூர் வகையிலிருந்து, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய 'பி.கே.எம். 1' என்ற வகை அங்குப் புகழ்பெற்றது. அதன் காய் சப்பை உருண்டையாக இருக்கும். அதற்குப் பச்சைத் தோளும் உண்டு!

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். "அப்படியானால் சுவையான பழைய வகைகளை லுக்குட்டில் நட்டுவிடலாமே!" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். தக்காளி, இரவுக் குளிரை விரும்பும் செடி. இரவு வெப்பநிலை 21 பாகை செல்சியஸுக்கு மேலும் பகல் வெப்பநிலை 32 பாகைக்கு மேலும் போகும்போது, பல வகைகளில் மகரந்தம் கெட்டு, பூக்கள் காயாகாமலே உதிர்ந்துவிடும். கடலோரத் தாழ்நிலமான லுக்குட்டில் நள்ளிரவிலும் 23, 24 பாகை இருக்கும். வெளிநாட்டு விதைப் பொட்டலங்களில் அழகாக அச்சிடப்பட்டிருக்கும் பெரிய மாட்டிறைச்சித் தக்காளி போன்ற வகைகள் இங்கு இலையும் பூவுமாகச் செழித்து நிற்கும்; காய் மட்டும் இராது. இவ்வகைகளுக்காக மூன்று மாதம் தண்ணீர் ஊற்றுவதைவிட, செர்ரித் தக்காளியையும் வெப்பத்தைத் தாங்கும் நாட்டு வகைகளையும் நடுவதே புத்திசாலித்தனம்.

வெப்பம் நிறத்தையும் கெடுக்கிறது. 30 பாகைக்கு மேல் லைக்கோப்பீன் உருவாவது குறைவதால், வெயில்படும் பழங்கள் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடும். காயின் அடிப்பகுதியில் முதல் இளஞ்சிவப்புத் தெரிந்தவுடன் பறித்து, வீட்டுக்குள் நிழலில் வைத்தால் நன்றாகச் சிவக்கும். பழ ஈயிடமிருந்தும் பறவைகளிடமிருந்தும் காப்பாற்றியதாகவும் இருக்கும். அந்த நிலைக்கு வந்த காயில் பழுக்கும் வேலை தொடங்கிவிட்டிருப்பதால் சுவை பெரிதும் குறைவதில்லை. முற்றாத பச்சைக்காயைப் பறித்து வைத்துப் பழுக்கச் செய்வதுதான் தவறு. அது சிவக்கும், மணக்காது.

வெப்பத்தைவிடக் கொடிய எதிரி வாடல் நோய். முந்திய நாள் மாலை செழிப்பாக இருந்த செடி, மறுநாள் நடுப்பகலில் பச்சையாகவே தொங்கிப்போகும். இரால்ஸ்டோனியா என்னும் மண்வாழ் பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைப்பதே காரணம். ஐயம் இருந்தால், வாடிய தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்ணிற இழை இறங்கினால், அது இந்த நோய்தான். அந்த மண்ணில் மீண்டும் தக்காளி, கத்தரி, மிளகாய் நடக்கூடாது. தைவானில் 1971இல் நிறுவப்பட்ட உலகக் காய்கறி மையம், வெப்பமண்டலத் தக்காளிக்காகவே பல்லாண்டு உழைத்துவருகிறது. நோயைத் தாங்கும் கத்தரியின் வேர்த்தண்டில் தக்காளியின் நுனியை ஒட்டுக்கட்டும் முறையை அது பரவலாக்கியது. கீழே கத்தரி, மேலே தக்காளி! தொட்டியில் புது மண்ணிட்டு வளர்ப்பவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு.

செடிகள் காய்த்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். நாட்டுத் தக்காளி, செர்ரித் தக்காளி, கடையில் வாங்கிய தக்காளி ஆகிய மூன்றும் மேசையில் இருக்கின்றன. அவற்றை எப்படி ஒப்பிடுவது? "இது பாட்டி வீட்டுத் தக்காளி" என்று தெரிந்துவிட்டாலே நாக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால், சுவைப்பவரின் கண்ணைக் கட்டிவிட வேண்டும். எல்லாப் பழமும் ஒரே அளவு பழுத்தவையாகவும் அறை வெப்பநிலையில் உள்ளவையாகவும் இருக்க வேண்டும். ஒரே அளவுத் துண்டுகளாக, விதைச்சாறும் சதையும் சேர்ந்து வருமாறு நறுக்க வேண்டும். உப்புப் போடக்கூடாது. தட்டுகளுக்கு 1, 2, 3 என எண் இடாமல், 417, 285, 639 என ஏதேனும் எண்களை இட வேண்டும். ஏனென்றால், 1 என்று சொன்னாலே 'முதல் தரம்' என்ற நினைப்பு வந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் சாதாரண நீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். ஒருவருக்கு முதலில் கொடுத்ததை இன்னொருவருக்குக் கடைசியில் கொடுக்க வேண்டும். பசியோடு தின்னும் முதல் துண்டு எப்போதும் கூடுதலாக ருசிக்கும்.

இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று உண்டு. உணவு ஆய்வகங்களில் அதனை முக்கோணச் சோதனை என்பர். மூன்று துண்டுகள் கொடுக்கப்படும். இரண்டு ஒரே வகை, ஒன்று மட்டும் வேறு. அந்த வேறு துண்டு எது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். எனவே, பத்துப் பேரில் மூன்று, நான்கு பேர் சரியாகச் சொன்னால் அதில் வியப்பில்லை. பத்துப் பேரில் ஏழு பேராவது சரியாகச் சொன்னால்தான், இரண்டு வகைகளுக்கும் உண்மையிலேயே வேறுபாடு தெரிகிறது என்று துணிந்து கூறலாம். கணிதப் பாடத்தில் நிகழ்தகவு எதற்கு என்று கேட்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கட்டும்.

இனிப்பை அளக்க பிரிக்ஸ் மானி என்ற சிறு கருவி உண்டு. ஒரு துளிச் சாறு போதும். கடைத் தக்காளி பெரும்பாலும் 4 அல்லது 5 காட்டும். நல்ல செர்ரித் தக்காளி 7, 8 வரை காட்டும். எண்ணைப் பார்த்தால் செர்ரித் தக்காளிதான் வெற்றியாளர். பச்சையாகத் தின்னும்போதும் அப்படியே. ஆனால், அதையே இரசத்தில் போட்டுப் பாருங்கள். இனிப்பு முன்னால் வந்து நிற்கும். அதைச் சரிக்கட்டப் புளியைக் கூட்ட வேண்டியிருக்கும். புளி கூடினால் தக்காளியின் மணம் அடங்கிவிடும். என் கணிப்பில் இரசத்திற்கு மெல்லிய தோலும் நிறைந்த சாறும் கொண்ட நாட்டுத் தக்காளிக்கு நிகரில்லை. தொக்குக்கும் சம்பாலுக்கும் சதைப்பற்றுள்ள கடைத் தக்காளியே மேல். சாறு அதிகமுள்ளதைப் போட்டால் வற்றுவதற்குள் எரிவாயு தீர்ந்துவிடும். ஆக, 'எது சுவையான தக்காளி?' என்ற கேள்விக்கு முன், 'எதற்கு?' என்று கேட்க வேண்டும்.

ஒரே வகை, ஒரே வீட்டுச் செடி, மாதத்துக்கு மாதம் சுவை மாறுவதையும் காண்பீர்கள். அடைமழைக்குப் பிறகு பறித்த பழம் நீர்த்துப்போயிருக்கும்; தோலும் வெடித்திருக்கும். காய்ந்த வாரத்தில் பறித்தது சிறுத்து, சுவை செறிந்திருக்கும். ஜப்பானின் கோச்சி மாநிலத்தில் 1970இல் ஒரு புயலின்போது கடல்நீர் வயலுக்குள் புகுந்தது. அந்த உப்பு மண்ணில் தப்பிப் பிழைத்த தக்காளிகள் சிறியனவாகவும் மிக இனிப்பாகவும் இருந்தன. வேர் நீரை எளிதில் உறிஞ்ச முடியாததால், பழத்தில் சர்க்கரை செறிந்துவிட்டது. தொக்குத்தானி தக்காளி என்ற பெயரில் அது இன்று விலையுயர்ந்த பழம். லுக்குட்டுக்கும் கடல் அருகில்தான் என்றாலும், யாரும் கடல்நீரை எடுத்துவந்து தொட்டியில் ஊற்றிவிட வேண்டாம், செடிதான் சாகும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைச் சற்றுக் குறைத்தாலே போதும். பறித்த பழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும் வேண்டாம். 12 பாகைக்குக் கீழே பல நாள் இருந்த தக்காளி மணம் உண்டாக்கும் ஆற்றலை இழக்கிறது என்பதை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. வெளியே எடுத்து வைத்தாலும் அந்த மணம் முழுதாகத் திரும்புவதில்லை.

சோதனையில் வென்ற வகையை அடுத்த ஆண்டும் உண்ண வேண்டுமானால் விதை வேண்டும். கடையில் வாங்கும் கலப்பின விதையின் பொட்டலத்தில் 'எப் 1' என்று இருக்கும். அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை, தாய்ச்செடியைப்போல் காய்க்கும் என்று சொல்ல முடியாது. நாட்டு வகை அப்படியன்று. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், பிள்ளை தாயைப் போலவே இருக்கும். ஆனால், விதைக்கு ஆயுள் உண்டு. உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் நான்கைந்து ஆண்டு உயிரோடு இருக்கும். லுக்குட்டின் ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் அதற்கும் முன்பே செத்துவிடும். ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டு வந்து பத்து ஆண்டுகள் விதைக்காமல் இருந்தால், அந்தக் கொல்லையில் இருந்த வகை அதோடு முடிந்தது. செர்டாங்கில் உள்ள மார்டி நிறுவனம் பயிர் மரபணு வங்கி ஒன்றைப் பராமரிக்கிறது. இருந்தாலும், லயத்து வீட்டுக் கழுநீரில் தானாக முளைத்த செடியை எந்த வங்கியும் தேடி வந்து எடுத்துச் சென்றிருக்காது. தமிழ்நாட்டுக்குப் போய்வரும் உறவினரிடம் விதை கேட்கலாமே என்று எண்ண வேண்டாம். 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி பெற வேண்டும். விதையோடு நோயும் வரும் என்பதே அதற்குக் காரணம். ஆகவே, இங்கேயே இன்னும் யார் வீட்டுத் தொட்டியில் அந்தச் செடி நிற்கிறது என்று தேடுவதே வழி.

விதை எடுப்பது கடினமன்று. நன்கு கனிந்த, நோயற்ற செடியின் பழத்தைப் பிளந்து, விதையையும் அதைச் சுற்றியுள்ள வழவழப்பையும் ஒரு குவளையில் விடுங்கள். சிறிது நீர் சேர்த்து இரண்டு நாள் மூடி வையுங்கள். மேலே ஆடை படிந்து புளித்த வாடை வீசும், அஞ்ச வேண்டாம். விதை முளைப்பதைத் தடுக்கும் வழவழப்பு அப்போதுதான் கரையும். பிறகு நீரூற்றிக் கழுவினால் நல்ல விதை அடியில் தங்கும். பதர் மிதந்து போகும். பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். தாளில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்ததும் சிறு உறையில் இட்டு, அதை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பழத்துக்கு ஆகாத அந்த இடம் விதைக்கு நல்லது. உறையின்மேல் வகையின் பெயரையும் விதை எடுத்த மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். வகையின் பெயர் தெரியாவிட்டால், யார் வீட்டுச் செடியிலிருந்து எடுத்தீர்களோ அவர் பெயரையே எழுதலாம்.